காஷ்டமண்டபத்தின் நான்காம் தூண்

நேபாளத்தைப் பற்றிய செய்தி நம் பத்திரிகைகளின் முதற் பக்கத்துக்கு வருவது இரண்டு வேளைகளிலேதான். ஒன்றில் அங்கே நிலம் நடுங்க வேண்டும். அன்றேல் அரசு கவிழ வேண்டும். 2015 ஆம் ஆண்டு ஏப்பிரல் 25 ஆம் திகதி நண்பகலுக்குச் சற்று முன்னர் நிகழ்ந்த பூகம்பம் ஏறக்குறைய ஒன்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2025 செப்டெம்பர் 9 ஆம் திகதி, இளைஞர் கிளர்ச்சியினிடையே, அரசின் தலைமைச் செயலகமாகிய சிங்க தர்பார் எரிந்தது. பிரதம மந்திரி ஒலி பதவி துறந்தார். இவ்விரு செய்திகளுக்கும் இடையே கழிந்த பத்தாண்டுகளில், காத்மண்டுப் பள்ளத்தாக்கின் பழைய நகர்ச் சதுக்கங்களிலே, விழுந்த கோயில்களை யார் கட்டுவது, எதனாற் கட்டுவது, எம்முறையிற் கட்டுவது என்று ஒரு நீண்ட வழக்கு நடைபெற்றது. நம்மிடையே அது செய்தியாகவில்லை. ஆயினும், அச்சதுக்கங்களிற் சில நாட்கள் சுற்றித் திரிந்தபோது, அந்நாட்டில் அரசுக்கும் குடிகளுக்கும் உள்ள உறவை அறிய அவ்வழக்கினும் சிறந்த சான்று வேறில்லை என்றே எனக்குத் தோன்றிற்று.

சதுக்கங்கள் மூன்று. காத்மண்டு, பாடன், பக்தபூர் என்னும் மூன்று நகர்களும் சில மைல் தூரத்துக்குள் அடங்குவன. 1482 இல் யட்ச மல்லன் இறந்தபின் அவன் அரசு மக்களிடையே பிரிந்தது. அயல் அயலாக அரசு வீற்றிருந்த பங்காளிகள் படை கொண்டு பொருதியதோடு அமையாது, கோயில் கொண்டும் பொருதினர். ஒருவன் தன் அரண்மனை முற்றத்தில் ஒரு கோயில் எடுத்தால், மற்றவன் அதனினும் உயர எடுப்பான். 1768-69 இல் கூர்க்காவின் பிருதிவி நாராயண ஷா மூன்று நகர்களையும் கைப்பற்றும் வரையில் இப்போட்டி நீடித்தது. நாம் இன்று வியந்து நோக்கும் கலைச்செல்வத்தில் ஒரு பங்கு தாயாதிக் காய்ச்சலினால் விளைந்தது என்பதை மறைப்பானேன்? 1979 இல் பள்ளத்தாக்கின் ஏழு இடங்கள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது, இம்மூன்று சதுக்கங்களும் அவற்றுள் இடம்பெற்றன.

அடுக்குக் கூரையுடைய இக்கோயில்களை உலகம் பகோடா என்கின்றது. நேவார் மக்கள் தம் மொழியில் அவ்வாறு சொல்வதில்லை, ‘தேகா’ என்பர். ‘தேவகிருகம்’ தேய்ந்து நின்ற வடிவம் அது. பகோடா என்பது போர்த்துக்கேயர் கீழ்த்திசைக் கடற்கரைகளெங்கும் இந்துக் கோயில்களுக்கு வழங்கிய பெயர். நம் நாட்டுக் கோயில்களை இடித்த காலத்தும் அவற்றை அப்பெயராலேயே குறித்தனர். பின்னர் அச்சொல் பௌத்த நாடுகளின் கோபுரங்களுக்கு உரியதாகி, ஐரோப்பியர் வாய்வழி இமயத்தின் இந்துக் கோயில்களுக்கு மீண்டும் வந்து சேர்ந்தது. சொல்லுக்கும் ஊழ் உண்டு போலும்!

பகோடா அமைப்பு நேபாளத்திலிருந்தே சீனத்துக்குச் சென்றது என்று அங்குள்ள வழிகாட்டிகள் பெருமையோடு கூறுவர். ஆரணிகோ என்னும் நேபாளச் சிற்பி 13 ஆம் நூற்றாண்டிற் குப்ளாய் கானின் அவைக்குச் சென்றதும், பீக்கிங்கில் வெள்ளைத் தூபியை அமைத்ததும் மெய். ஆனால் சீனத்துச் சொங்யூ செங்கற் பகோடா 523 ஆம் ஆண்டுக்குரியது. யிங்சியன் மரப் பகோடா 1056 இல் எழுந்தது. ஆகவே இப்பெருமையை அவ்வளவிலே விட்டுவிடுதல் நலம். நேவார்த் தச்சனுக்குரிய புகழ் யாருக்கு முன்னே தோன்றினான் என்பதில் இல்லை. மரத்தையும் மண்ணையும் அவன் கையாண்ட முறையிலே உள்ளது.

அம்முறையை அறிய விரும்புவோர் பக்தபூருக்குச் செல்ல வேண்டும். அங்கே தௌமதிச் சதுக்கத்தில் நிற்கின்றது ஞாதபோலா. 1702 இல் பூபதீந்திர மல்லன் எடுப்பித்தது. ஐந்து படிநிலை கொண்ட பீடத்தின் மேல் ஐந்து கூரைகள். உயரம் ஏறக்குறைய முப்பது மீற்றர். படிக்கட்டின் இருமருங்கும் முதலில் இரு மல்லர்கள், அவர்மேல் யானைகள், அவற்றின்மேற் சிங்கங்கள், பின்னர் யாளி போன்ற விலங்குகள், ஈற்றில் சிங்கினி, வியாக்கிரிணி என்னும் தெய்வங்கள். ஒவ்வோர் இணையும் தன் கீழுள்ள இணையிலும் பத்து மடங்கு வலிமை வாய்ந்தது என்பது ஐதிகம். உள்ளே எழுந்தருளியிருப்பவள் சித்திலட்சுமி. பூசகர் அன்றிப் பிறர் அவளைக் காணுதல் இல்லை. எதிரே உள்ள பைரவரின் சினத்தைத் தணிக்கவே அவள் அங்கு நிறுவப்பட்டாள் என்று ஊரார் சொல்வர். தரிசனம் கிடையாத கோயிலின் படிகளில் ஊர் முழுவதும் வந்து அமர்ந்திருக்கின்றது. மாணவர் பாடப் புத்தகம் விரித்திருக்கின்றனர். முதியோர் வெயில் காய்கின்றனர். கருவறையை மூடிவைத்துப் பீடத்தை ஊருக்குத் திறந்துவிட்ட இந்த ஏற்பாட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1934 ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் ஞாதபோலாவின் உச்சிப் பகுதி சேதமுற்றது, கோயில் விழவில்லை. 2015 இலும் விழவில்லை. ஆனால் அதே நகரின் வத்சலா கோயில் கற்குவியலாயிற்று. காத்மண்டிலே மாஜு தேவல், திரைலோக்கிய மோகன நாராயணர் கோயில், காஷ்டமண்டபம் ஆகியன தரைமட்டமாயின. பாடனிலே 1566 ஆம் ஆண்டின் சார் நாராயணர் கோயிலும் அதனருகே ஹரிசங்கரர் கோயிலும் சாய்ந்தன. 1637 இற் சித்தி நரசிங்க மல்லன் எடுப்பித்த கருங்கற் கிருஷ்ணர் கோயில் நின்றது. மரக்கோயிலிலும் விழுந்தது உண்டு, நின்றது உண்டு, கற்கோயிலிலும் அவ்வாறே. எனவே, ‘பழைய முறை பழுது, சீமெந்தே கதி’ என்று அந்நாளிற் பலர் கூறிய தீர்ப்புக்கு இடிபாடுகள் சான்று பகரவில்லை.

அவை பகர்ந்த சான்று வேறு. காஷ்டமண்டபத்தை எடுத்துக்கொள்வோம். காத்மண்டு என்ற பெயருக்கே தாயான மண்டபம் அது. காஷ்டம் என்றால் மரம். ஒரே மரத்தைக் கொண்டு அமைத்தது என்பது கதை. வழிப்போக்கரும் வணிகரும் தங்குதற்குரிய பெருஞ்சாவடியாக விளங்கிய அது, நடுவிலே கோரக்கநாதரையும் கொண்டிருந்தது. பூகம்பம் நிகழ்ந்த அன்று அங்கே இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. கொடுக்க வந்தோரிலும் கொள்ள வந்தோரிலும் சிலர் மடிந்தனர்.

பின்னர், நேபாளத் தொல்பொருளியல் திணைக்களத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அவ்விடத்தை அகழ்ந்தனர். 12 ஆம் நூற்றாண்டுக்குரியது என்று கருதப்பட்ட மண்டபத்தின் அத்திவாரம் 7 ஆம் நூற்றாண்டு வரையிற் பின்செல்வது தெரியவந்தது. அதனிலும் முக்கியமானது, அந்த அத்திவாரம் பழுதற்றிருந்தமை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுச் செங்கல்லும் மண்சாந்தும் தம் கடமையைச் செய்தே நின்றன. பழுது வேறோரிடத்தில் இருந்தது. மண்டபத்தைத் தாங்கிய பெருந்தூண்கள் நான்கு. ஒவ்வொன்றின் அடியும் ஓர் அடிக்கல்லிற் பொருந்தி நிற்க வேண்டும். அவற்றுள் வடகீழ்த் தூண் தன் கல்லோடு பொருந்தியிருக்கவில்லை. 1960 களில் நடைபெற்ற திருத்த வேலையின்போது அக்கல் தளத்தின் கீழ் மறைந்துபோக, தூண் வெறுந் தரைமேல் நின்றது. அரை நூற்றாண்டாக அந்நிலையிலேயே நின்ற மண்டபத்தைப் பூமி ஒருமுறை குலுக்கிற்று.

இந்த நான்காம் தூணைப் பற்றி அறிந்த நாள் முதல் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. மரக்கோயில் ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளன்று. அதன் கூரையில் ஓட்டின் கீழே களிமண் மெத்தை உண்டு. மழைக்காலம் கழிந்தவுடன் அம்மண்ணிற் புல் முளைக்கும்; பிடுங்காவிட்டாற் செடியாகும்; செடியின் வேர் ஓட்டைக் கிளப்பும்; கிளம்பிய ஓட்டின் வழி நீர் இறங்கும்; நீர் உத்தரத்தின் நுனியைச் சுவருக்குள்ளேயே உளுக்கும்; உளுத்த நுனியில் மரமுளை தளரும். ஆணியின்றி முளைகளாலேயே பிணைக்கப்பட்ட கட்டடத்தில் முளை தளர்ந்தபின் எஞ்சுவது என்ன? பூகம்பம் பல கோயில்களில் முடித்துவைத்ததேயன்றித் தொடக்கிவைத்ததன்று. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கும்பாபிஷேகம் என்று கற்கோயிலுக்கே காலக்கெடு வகுத்த மரபில் வந்த நமக்கு இது புதிதன்று.

புல்லைப் பிடுங்குவது யார்? விவாதத்தின் முள் இங்கேதான் உள்ளது. முன்னாளிற் பிடுங்கியது ‘குத்தி’. குத்தி என்பது ஊர்க்குழு; பெரும்பாலும் ஒரு குலத்தார் அல்லது ஒரு தெருவார் சேர்ந்தது. கோயிலுக்கென எழுதிவைத்த நிலத்தின் விளைவைக் கொண்டு விளக்கேற்றுவதும், விழா எடுப்பதும், கூரை வேய்வதும், தேர் இழுப்பதும் அதன் பொறுப்பு. 1964 இல் அரசு குத்திக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, அத்தகைய நிலங்களிற் பெருந்தொகையைத் தன் நிருவாகத்தின்கீழ்க் கொணர்ந்தது. நிலம் திணைக்களத்துக்குச் சென்றது. புல் பிடுங்கும் பொறுப்பு ஊரிலே தங்கிற்று. இரண்டையும் பிணைத்த கயிறு அறுந்தது. முடியாட்சி நீங்கிய 2008 ஆம் ஆண்டில், புதிய அரசு இந்திர விழாவின் பலிக்கெனக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது. காத்மண்டுத் தெருக்கள் கொதித்தெழவே, சில நாட்களில் நிறுத்தியதை மீண்டும் கொடுத்தது. பலியை நான் ஆதரிப்பவன் அல்லேன். ஆயினும் நிலத்தை எடுத்துக்கொண்டவன் செலவை மறுக்கும்போது ஊரார் எழுப்பிய வினா நியாயமானது.

பூகம்பத்தின் பின்னர் அரசு தன் வழமையான கருவியை எடுத்தது. 2007 ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் சட்டப்படி வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோருவது. குறைந்த விலை குறித்தவருக்கு ஒப்பந்தம் வழங்குவது. பாலத்துக்கும் மதகுக்கும் இது பொருந்தலாம். மண்சாந்தைக் குழைத்துப் புளிக்கவிடும் காலத்தையும், சால மரத்தை உலரவிடும் காலத்தையும், ஒரு தாங்குமரத்திலே தெய்வ உருவைச் செதுக்கும் காலத்தையும் குறைந்த விலைக்காரர் எங்ஙனம் கணக்கிடுவார்? விளைவு காத்மண்டின் இராணிக் குளத்தில் வெளிப்பட்டது. 1670 இற் பிரதாப மல்லன், மகனை இழந்து வருந்திய தன் அரசிக்காக வெட்டுவித்த குளம் அது; நடுவிலே ஒரு கோயில். திருத்த வந்தோர் அங்கே கொங்கிரீட்டைக் கொட்டத் தொடங்கினர். ஊரார் எதிர்த்தனர், வேலை நின்றது, பின்னர் தேசிய புனர்நிர்மாண அதிகாரசபை பொறுப்பேற்று, குளத்தின் அடியிற் களிமண் பரப்பி, கோயிலைப் பழைய மல்லர்பாணியில் எடுத்து, 2020 ஒக்டோபரில் முடித்தது. காஷ்டமண்டபத்திலும் மாநகர சபைக்கும் மக்கள் இயக்கத்துக்கும் நெடிய பிணக்கு நிகழ்ந்து, ஈற்றில் ஊர்க்குழுவொன்றே கட்டும் பொறுப்பை ஏற்றது. 2022 இல் மண்டபம் மீண்டும் எழுந்து நின்றது. நான்காம் தூண் இப்போது தன் கல்லின் மேல் நிற்கின்றது.

பக்தபூர் நகரசபை தொடக்கத்திலேயே வேறு வழியைக் கொண்டது. ஒப்பந்தக்காரரை விலக்கி, தெருவாரைக் கொண்ட பயனாளர் குழுக்களிடம் வேலையை ஒப்படைத்தது. வெளிநாட்டார் செலுத்தும் நுழைவுக் கட்டணத்தைத் தானே திரட்டித் தானே செலவிடுகின்றது. 2018 இல் ஜேர்மனிய நிதியுதவி ஒன்றை, கேள்விப்பத்திர முறை முதலிய நிபந்தனைகள் ஒவ்வாமையால், வேண்டாம் என மறுத்தது. ஏழை நாட்டின் சிறு நகரம் ஒன்று பணத்தைத் திருப்பியனுப்புவதா என்று சிலர் நகைத்தனர். அதே ஜேர்மனியரின் உதவியோடு 1970 களிலும் 80 களிலும் புத்துயிர் பெற்ற நகரம் அது என்பதால் நன்றிகெட்ட செயல் என்றோரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. யாரிடம் கருவி இருக்க வேண்டும் என்பதை அந்நகரம் பணத்தினும் பெரிதாக மதித்தது.

ஆயினும் ஒரு சான்று இப்பக்கத்துக்கு எதிராகவும் உண்டு. பக்தபூர் அரண்மனைச் சதுக்கத்திலே எட்டுப் பட்டை கொண்ட சியாசிலின் மண்டபம் 1934 இல் அழிந்தது. அதனை 1980 களின் இறுதியில் ஜேர்மனிய உதவியுடன் மீளக் கட்டியபோது, கட்டடக் கலைஞர்கள் உருக்குச் சட்டத்தை உள்ளே பொருத்தினர். மரபுவாதிகள் அதனை இகழ்ந்தனர். 2015 இல் அதற்கு ஒரு கேடும் வரவில்லை. உருக்கே கூடாது என்று விரதம் பூண்பார் இம்மண்டபத்தின் முன் நின்று விடை சொல்லுதல் வேண்டும். என் கருத்து இது: உருக்கைச் சேர்ப்பதா என்பது தச்சரும் பொறியியலாளரும் ஒருங்கிருந்து தீர்க்க வேண்டிய தொழில் வினா. விலைப் பத்திரம் தீர்க்கக் கூடியதன்று.

பாடன் ஒரு நடுவழி. அங்கே 1991 முதல் இயங்கிவரும் காத்மண்டுப் பள்ளத்தாக்குப் பாதுகாப்பு அறக்கட்டளை, விழுந்த இரு கோயில்களின் மரங்களையும் தேர்ந்தெடுத்து அடுக்கி, பழைய உறுப்பைப் பழைய இடத்திலேயே பொருத்திற்று. புதிய மரம் வெளிறியும் பழைய மரம் கறுத்தும் இருத்தலால், எது எஞ்சியது எது சேர்ந்தது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். இந்நேர்மை எனக்குப் பிடித்தது. இதே நகரின் சிறு கோயிலொன்றிலிருந்து 1984 இற் களவுபோன இலட்சுமி நாராயணர் சிலை, அமெரிக்காவின் டலஸ் நகர் அருங்காட்சியகத்திலிருந்து 2021 இல் மீண்டு, அவ்வாண்டு டிசெம்பரில் தன் பீடத்திலேயே அமர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் ஊரார் மாற்றுருவை வைத்துப் பூசித்துவந்தனர்.

இவ்வளவும் கூறியபின், குத்தியைப் பொற்காலமாக்கிப் பாடுவது தகாது. குத்தி நிலத்தை உழுதவன் உரிமையற்ற குடியானவன். தலைமுறை தலைமுறையாக உழுதும் நிலம் அவனுக்கில்லை. பல குத்திகளில் இன்ன குலத்தார்க்கு இன்ன இடம் என்ற வரம்பு உண்டு. பெண்களுக்கு இடம் குறைவு. 2019 இல் அரசு கொணர்ந்த குத்தி மசோதாவுக்கு உழுவோரிடையே ஆதரவும் இருந்தது. ஆனால் அம்மசோதா குத்திகளின் உரிமையை அரசு அமைக்கும் அதிகாரசபையின் கையில் வைக்க முற்பட்டது. அவ்வாண்டு ஜூன் 19 ஆம் திகதி காத்மண்டின் மைதிகர் பகுதியிற் பெருந்திரளான மக்கள் கூடினர். அரசு மசோதாவை மீளப் பெற்றது. உழுவோனுக்கு நிலமும் கோயிலுக்குக் கூரையும் ஒருசேரக் கிடைக்கும் சட்டத்தை வரைதல் அரிதுதான். அரிது என்பதனாலேயே இரண்டையும் ஒரு கூட்டுத்தாபனத்திடம் ஒப்புவித்தல் விடையாகாது.

பாடனில் ஒரு மரச்சிற்பியோடு பேசும் வாய்ப்பு வாய்த்தது. அந்நாட்டில் மூத்த ஆடவரைத் ‘தாய்’ என்று விளிப்பர். அண்ணன் என்பது பொருள். நானும் அவ்வாறே விளித்தபோது என் தமிழ்ச் செவிக்கு நகை வந்தது, காரணத்தைச் சொன்னேன், அவரும் சிரித்தார். இடிபாட்டிலிருந்து எடுத்த ஒரு தாங்குமரத்தின் பாதி உளுத்திருந்தது. அப்பாதியைச் செதுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய தச்சன் கையின் இழுப்பு இடப்புறமாகச் செல்கின்றது என்றும், தம் கை வலப்புறமாகச் செல்வதால் ஒவ்வொரு கீறலையும் எண்ணிச் செய்ய வேண்டியுள்ளது என்றும் விளக்கினார். பூகம்பத்தின் பின் வேலை பெருகியதால் இளைஞர் பலர் இத்தொழிலைப் பழகினர் என்று கூறினார். அவர்கள் இப்போது எங்கே என்று கேட்டேன். சிலர் பக்தபூரில் உளர். ஒருவர் விகாரையொன்றில் வேலை செய்கின்றார். எஞ்சியோர் கட்டாருக்கும் கொரியாவுக்கும் போய்விட்டனர். பெரிய கோயில்கள் எழுந்துவிட்டன, தச்சுக்கூலி குறைந்துவிட்டது என்றார். அடுத்த மழைக்குப்பின் சார் நாராயணர் கோயிற் கூரையில் ஏறிப் புல் பார்க்கும் வேலை யாருடையது என்றும் கேட்டேன். உளியைக் கீழே வைத்துவிட்டு, திணைக்களத்தாரைக் கேட்க வேண்டும் என்றார்.